நூற்றுப் பதினான்கு தடவை மோதிய ரயில்

அத்தியாயம் 5

“பொண்ணு கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை மேடம். அந்தப் பென் டிரைவ் கிடைச்சாகணும்.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ரோகிணியின் பேனா நின்றது. பதினோரு வருடத் துப்பறியும் தொழிலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி எத்தனையோ பேர் அவளிடம் வந்திருக்கிறார்கள். ஆளை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் கேட்டவர் இந்தச் சந்திரமோகன்தான்.

தார்நாகாவில் ஒரு வங்கிக் கிளைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அவருடைய கம்பெனி. பழைய காலத்து ரயில்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் செய்பவர்கள். 2007-ல் ஹைதராபாத் முழுக்க அமெரிக்க வங்கிகளுக்கு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தது. இங்கே மட்டும் பன்னிரண்டு பேர், நிலக்கரி எஞ்சினின் புகை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி நித்யஸ்ரீ. இருபத்தாறு வயது, கும்பகோணத்துப் பெண். பழைய கால அட்டவணைகளையும் வரைபடங்களையும் தேடிப் பிடித்து ரயில் பாதைகளை அப்படியே உருவாக்குவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியில் கிளம்பியவள் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. இன்று செவ்வாய். செல்போன் அணைந்து கிடந்தது.

“சாயங்காலம் நாலு மணிக்கு ஜெர்மனியிலேருந்து ஆள் வர்றாங்க. எங்க புது ப்ராஜெக்ட் யோசனைகளை அவங்க முன்னாடி வைக்கணும். அத்தனையும் அந்தப் பென் டிரைவ்ல இருக்கு” என்றார் சந்திரமோகன்.

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“வேண்டாம்னு பார்த்தேன். கம்பெனி பேரு கெட்டுடும். அவ அப்பா அம்மாகிட்டகூட ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அவர் விசிட்டிங் கார்டு ஒன்றை நீட்டினார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

ரோகிணியின் உதவியாளன் முகமது யூசுப் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஆம்பூர்க்காரன். வாய்க்கு ஓய்வு கொடுத்தால் உடம்புக்கு ஆகாது என்று நம்புகிறவன்.

“மேடம், எனக்குக் கணக்கு வராது. இருந்தாலும் மூணுக்கு அப்புறம் அஞ்சு வருமா?”

பலகையில் சனிக்கிழமை கூட்டத்தின் யோசனைகள் அப்படியே இருந்தன. ஒன்று, இரண்டாம் உலகப் போரில் படைகளை ஏற்றிப் போன ரயில்கள். இரண்டு, பல்சக்கரம் வைத்து ஏறும் மலை ரயில். மூன்று, 1936-ம் வருடத்து மீட்டர்கேஜ் மெயில். ஐந்து, ஒரு மகாராஜாவின் தனி சலூன் வண்டி. நான்கு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வழக்கமான அழிப்பானால் துடைத்ததாகத் தெரியவில்லை. யாரோ ஈரத் துணியை வைத்து ஆத்திரத்தோடு தேய்த்திருந்தார்கள்.

ரோகிணி பலகைக்குப் பக்கவாட்டில் நின்று, ஜன்னல் வெளிச்சம் படும்படி கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள். நீல மையின் எச்சத்தில் நான்கு இலக்கங்கள் தெரிந்தன.

“1971” என்றாள். “அவ கம்ப்யூட்டரைத் திற.”

நித்யஸ்ரீயின் கம்ப்யூட்டரில் ‘நாலு’ என்று ஒரு கோப்புறை இருந்தது. யூசுப் அதைத் திறந்ததும் திரையில் பனி இறங்கியது. விடியாத வானம். எஞ்சினின் உள்ளறையிலிருந்து பார்ப்பது போன்ற காட்சி. தூரத்தில் ஒரு கைகாட்டி மரம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு. வண்டி அதைத் தாண்டி ஓடியது. வளைவு திரும்பியதும் எதிரில் ஒரு சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி விசுவரூபமாக வந்தது. மோதியது. திரை கறுத்தது.

“யா அல்லா! விளையாட்டா இது?”

“எத்தனை தடவை ஓட்டியிருக்கான்னு பாரு.”

பக்கத்தில் பட்டியல் வந்தது. நூற்றுப் பதினான்கு தடவை. எல்லாமே ஒரே காலை: 1971 நவம்பர் 9, ஐந்து ஐம்பது. ஒரே ஸ்டேஷன்: சின்னகொண்டவரம். முதல் அறுபது தடவை எஞ்சின் டிரைவராக இருந்து ஓட்டியிருந்தாள். மிச்சம் ஐம்பத்து நாலு தடவை, ஸ்டேஷனை ஒட்டியிருந்த லெவல் கிராஸிங்கில் கேட் கீப்பராக. அந்த ஐம்பத்து நாலுக்கும் எதிரே ஒரே குறிப்பு இருந்தது: ‘கைகாட்டி சிவப்பு. கேட் திறந்தது.’

கீழே விசாரணை அறிக்கையின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். ரோகிணி வேகமாகப் படித்தாள். பதினேழு பேர் இறந்த விபத்து. சிவப்பு விளக்கை மதிக்காமல் வண்டியை ஓட்டியதாக டிரைவர் வேதாசலம் வேலை நீக்கம் செய்யப்பட்டார். பச்சை விழுந்திருந்தது என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஜகதீசனுக்குப் பாராட்டு. பூட்டிய கேட் திறக்க மறுத்தபோது, கடப்பாரையால் தானே அதை உடைத்துக் காயம்பட்டவர்களை மாட்டு வண்டிகளில் அனுப்பி வைத்தாராம்.

“மேடம், இந்த டிரைவர் பொம்மையைப் பாருங்க” என்றான் யூசுப். எஞ்சினுக்குள் நின்ற உருவத்தைப் பெரிதாக்கியிருந்தான். “இடது கையில மூணே விரல். சிக்கனமா செஞ்சிருக்காங்க.”

ரோகிணி குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. வெட்டுப்பட்ட இடம்கூடப் பார்த்துப் பார்த்து வரையப்பட்டிருந்தது.

“அறிக்கையில விரலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை, யூசுப். பழைய போட்டோவும் இந்தக் கோப்புல கிடையாது. அப்போ இவளுக்கு எப்படித் தெரியும்?”

யூசுப்பின் முகத்தில் கேலி மறைந்தது. “நேர்ல பார்த்திருக்கா.”

“அந்த ஆள் உயிரோட இருக்கார். ஸ்கூட்டியில போற தூரத்துல இருக்கார். ரயில்வேக்காரர் குடும்பம் இங்கே எங்கே இருக்கும்?”

“மெட்டுகுடா. ரயில்வே காலனி அங்கேதான்.”

வராந்தாவில் இன்னும் போனில் இருந்த சந்திரமோகனைப் பார்த்து ரோகிணி கையசைத்தாள். “ஒரு துப்பு கிடைச்சிருக்கு, பார்த்துட்டு வந்துடறோம்.” அவர் தலையாட்டினார். எங்கே என்று கேட்கவில்லை.

அவளுடைய பழைய மாருதி பிரதான சாலையில் ஏறும்போது மணி பன்னிரண்டரை. வெயில் கண்ணாடியில் தெறித்தது. ரோகிணிக்கு அந்த ஐம்பத்து நாலு குறிப்புகள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு பெண் எதற்காக ஒரு கேட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும்?

“கேட்டைத் திறக்கணும்னா கேட் கீப்பருக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“சாவி வேணும். தூக்கம் கலையணும்.”

“சாவி எங்கே இருக்கும்?”

“எங்க மாமா ஜோலார்பேட்டைல கேட் கீப்பரா இருந்தார் மேடம். வண்டிக்குக் கைகாட்டியை இறக்கிட்டாங்கன்னா சாவி பெட்டியில மாட்டிக்கும். கைகாட்டி திரும்ப ஏறி சிவப்பு ஆனாத்தான் சாவி வெளியே வரும். கலெக்டரே வந்து நின்னாலும் நடுவுல கேட் திறக்காது.”

ரோகிணி பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் தெலுங்கில் வாழ்த்திவிட்டுப் போனார்.

“திரும்பச் சொல்லு.”

“கலெக்டரே வந்து…”

“அதுக்கு முன்னாடி! சிவப்பா இருந்தா சாவி வரும். கேட் திறக்கும். அவ ஐம்பத்து நாலு தடவை பார்த்தது அதைத்தான். ஆனா அன்னிக்குக் காலையில கேட் திறக்கலை யூசுப். கடப்பாரையால உடைக்க வேண்டியிருந்தது. அப்படின்னா என்ன?”

யூசுப்பின் வாய் திறந்தபடி இருந்தது. “கைகாட்டி இறங்கித்தான் இருந்திருக்கு. பச்சை.”

“டிரைவர் சொன்னது நிஜம். சரக்கு வண்டி நிற்கிறதை மறந்துட்டு ஸ்டேஷன் மாஸ்டர் கைகாட்டியை இறக்கிட்டார். மோதின பதற்றத்துல லீவரைத் திருப்பி வைக்கணும்னு தோணலை. நேரா கேட்டுக்கு ஓடிக் கடப்பாரையைத் தூக்கிட்டார். அதுக்கே பாராட்டும் வாங்கிட்டார். முப்பத்தாறு வருஷமா அந்தப் பாராட்டுக்குள்ளேயே சாட்சி உட்கார்ந்திருக்கு.”

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய பான் கடையில் யூசுப் இறங்கி, தன் இடது கையில் இரண்டு விரலை மடக்கிக் காட்டினான். கடைக்காரர் வெற்றிலையை மென்றபடியே, “ஹவ் ஹவ், மதராஸி பாபா” என்று ஆமோதித்து மூன்றாவது சந்தைக் காட்டினார்.

கடைசி வீடு. பச்சைக் கதவு. தட்டியதும் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். ஐம்பதை நெருங்கியவள், கழுத்தில் இன்னும் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது.

அவள் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருந்தது. “கைக்கு? எதுக்கு வந்தீங்க? யாரு வேணும்?”

“வேதாசலம் சாரைப் பார்க்கணும். நித்யஸ்ரீயையும்.”

“அப்படி யாரும் இல்லை. நக்கோ, போங்க.”

“அவளுக்கு ஏதும் ஆகாம பார்த்துக்கத்தான் வந்திருக்கேன்மா. கேட் ஏன் திறக்கலைன்னு எனக்கும் தெரிஞ்சிடுச்சு.”

உள்ளேயிருந்து ஒரு மெலிந்த குரல் வந்தது. “கல்பகம்க்கா, விடுங்க. உள்ளே வரட்டும்.”

நித்யஸ்ரீ சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. கன்னத்தில் சிராய்ப்பு. பக்கத்தில் லேப்டாப். கட்டிலில் ஒரு கிழவர், முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். இடது கையில் மூன்று விரல்கள்.

“ஞாயித்துக்கிழமை இந்தச் சந்து திரும்பறப்ப ஒரு கார் பின்னாலேருந்து வந்து இடிச்சுதுக்கா” என்றாள் நித்யஸ்ரீ. “விழுந்தேன். கார் நின்னுச்சு. கதவு திறந்துச்சு. கல்பகம்க்கா சத்தம் போட்டுட்டு ஓடி வர்றதைப் பார்த்ததும் கிளம்பிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், இங்கேயே வெச்சுக்கிட்டாங்க.”

“போலீஸுக்கு ஏன் போகலை?”

“பென் டிரைவ் கம்பெனியோடது. நான் திருடிட்டேன்னுதானே சொல்லுவாங்க? சனிக்கிழமை நாலாவது யோசனையைச் சொன்னதுமே சந்திரமோகன் சார் கத்தி, அழிச்சுட்டார். இதை அந்த டிரைவர் வீட்டிலாவது கொடுத்துடுவேன்னு சொன்னேன்.” அவள் ரோகிணியை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா, உங்களை யார் அனுப்பினது?”

பதில் சொல்லக் கைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்த ரோகிணி, அதிலேயே கண் நிலைத்து நின்றுவிட்டாள். ஜே. சந்திரமோகன். காலையிலிருந்து பையில் கிடந்த கார்டு. தமிழ்நாட்டு ஆளின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜே. ஜகதீசன். அப்பா பெயர்.

ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீயைத் தொடர்ந்து மெட்டுகுடா வரைக்கும் அந்த ஆள் தானாகவே வந்திருக்கிறார். எந்த வீடு என்பதுதான் தெரியாமல் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

“மேடம்” என்றான் யூசுப். ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தான். “ஒரு வெள்ளை இண்டிகா. முன் விளக்கு ஒண்ணு உடைஞ்சிருக்கு. நம்ம வண்டிக்குப் பின்னாலேயே வந்து நிக்குது.”

நித்யஸ்ரீ எழுந்திருக்க முயன்று, கட்டுப் போட்ட கையை ஊன்றி, வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அதே கார்தான்க்கா.”

கல்பகம் ஓடிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அடுத்த நொடியே கதவு தட்டப்பட்டது. முதலில் மெதுவாக. பிறகு உள்ளங்கையால் ஓங்கி.

“யூசுப், பின்பக்கம் போய் நமக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணு. காரோட நம்பரையும் உடைஞ்ச விளக்கையும் சொல்லு” என்று கிசுகிசுத்தாள் ரோகிணி. பிறகு அவளே போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.

“என்ன பண்றீங்க?” கல்பகம் அவள் கையைப் பிடித்தாள்.

“ஒளிஞ்சா இவ திருடியாயிடுவாம்மா. சாட்சிக்கு நீங்க எல்லாரும் இருக்கீங்க. அவர் பேசட்டும்.”

சந்திரமோகன் உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகியிருந்த பென் டிரைவையே பார்த்தார்.

“நல்லது மேடம். உங்க வேலை முடிஞ்சுது. அதைக் கொடுங்க.”

“தர்றேன்” என்றாள் ரோகிணி. “நீங்க உட்கார்ந்து ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டினா தர்றேன். கைகாட்டி சிவப்பா இருக்கணும். கேட் திறக்காம இருக்கணும். அது நடந்தா, உங்கப்பா சொன்னது நிஜம்.”

‘உங்கப்பா’ என்ற வார்த்தைக்கு அவர் முதல் தடவையாக ரோகிணியை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் பென் டிரைவ் இருந்தது. அவர் அதைப் பிடுங்கப் போகிறார் என்றுதான் ரோகிணி நினைத்தாள். பிடுங்கினால் தடுப்பதற்காகக் காலை முன்னே வைத்திருந்தாள். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பனி. ஸ்டேஷன். கைகாட்டியைச் சிவப்பில் வைத்தார். சாவிக்கான விசையை அமுக்கினார். கேட் மெதுவாக மேலே எழுந்தது.

மறுபடியும். எழுந்தது.

மூன்றாவது தடவை வேகமாகத் தட்டினார். எழுந்தது.

“ப்ரோக்ராம் கோடுல தப்பு இருக்கு” என்றார்.

நித்யஸ்ரீ தலையை ஆட்டினாள். “கேட் கோடை நீங்கதான் சார் எழுதினீங்க. கம்பெனி ஆரம்பிச்சப்ப முதல்ல எழுதினதே அதுதான்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“சிவப்பானாத்தான் கேட் திறக்கும்ங்கற விதியை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?” என்று கேட்டாள் ரோகிணி.

அவர் விசைகளிலிருந்து கையை எடுத்தார்.

“அப்பா” என்றார் சந்திரமோகன். “சாகறதுக்கு முந்தின வாரம் எல்லாத்தையும் சொன்னார். வேதாசலத்தைத் தேடிக் கண்டுபிடி, நான் பார்க்கணும்னார். நான்தான் வேண்டாம்னேன். செத்துப் போறப்ப எதுக்குப்பா கெட்ட பேருன்னேன். இந்தப் பொண்ணை நான் கொல்லணும்னு நினைக்கலை. பையைப் பிடுங்கிட்டுப் போயிடலாம்னுதான்… வண்டி இடிச்சுடுச்சு.”

அதுவரை அசையாமல் இருந்த வேதாசலம் பேசினார்.

“எந்த வருஷம் போனாரு?”

“2003.”

“நான் இதே வூட்லதான் இருந்தேன். ஒரு கார்டு போட்டிருந்தா போதும்பா. நானே போயிருப்பேன்.”

சந்திரமோகன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் போலீஸ் ஜீப் சந்துக்குள் வந்தது. இன்ஸ்பெக்டர் உடைந்த முன்விளக்கைப் படமெடுத்தார். நித்யஸ்ரீயின் வாக்குமூலத்தை அவள் சொல்லச் சொல்ல யூசுப் எழுதிக் கொடுத்தான்; அவள் இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். பென் டிரைவை இன்ஸ்பெக்டர் கேட்டபோது, ரோகிணி அதை ஒரு உறையில் போட்டு ஒட்டி, சாட்சிகளின் கையெழுத்தோடு ஒப்படைத்தாள். வண்டியில் ஏறும் முன் சந்திரமோகன் அவளிடம், “அப்பா சொன்னதை நான் எழுதித் தர்றேன் மேடம். எங்கே வேணும்னாலும் கொடுங்க” என்றார். ரோகிணி, “இன்னிக்கே எழுதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஜீப் போன பிறகும் கல்பகம் கதவை மூடாமல் வாசலிலேயே நின்றாள். “அப்பாவுக்கு வேலை போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். “ஸ்கூல்ல எல்லாரும் சொன்னதைத்தான் நானும் நம்பினேன்.”

வேதாசலம் கட்டிலிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்.

“பாப்பா, அந்த ஆட்டம் இதுலயும் ஒண்ணு இருக்கா?”

“லேப்டாப்புலயே இருக்கு சார்.”

“சிவப்பு போட்டுக் குடு. நான் ஓட்டறேன்.”

நித்யஸ்ரீ எந்த விசை நீராவி, எது பிரேக் என்று காட்டினாள். அவர் மூன்று விரல்களைப் பிரேக் விசையின் மேல் வைத்துக்கொண்டார். திரையில் பனி நகர்ந்தது. தண்டவாளம் அவரை நோக்கி ஓடி வந்தது. வெகு தூரத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் அவர் ஆவியைக் குறைத்தார்.

கல்பகம் வந்து அவருக்குப் பின்னால் மண்டியிட்டாள். “அப்பா, நீ அத்தனை தடவை சொன்னியே, நான்…”

“இரு. வண்டி ஓடிட்டிருக்கு.”

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைகாட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்று விரல்களும் அழுந்தின. சக்கரங்கள் கிரீச்சிட்டன, வேகம் தணிந்தது, பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை வரிசையாகக் கேட்டது. கைகாட்டி மரத்துக்கு இருபது அடி முன்னால் வண்டி நின்றது. எஞ்சின் பெருமூச்சு விட்டது. பெட்டிகளின் ஜன்னல்களில் மஞ்சள் விளக்குகள் எரிந்தபடி இருந்தன.

அவர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லு” என்றார்.